மீட்டரும் நாலாவது எண்ணும்

பணியாளர் பதிவேட்டின் எழுபத்திரண்டாம் பக்கத்தில் அவரைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறது: "தட்டச்சர், இரண்டாம் நிலை. அளவீட்டுத் தாள்களில் உள்ள எண்களை உள்ளபடியே சான்றிதழ்ப் படிவத்தில் ஏற்ற வேண்டும். எண்களின் பொருள் குறித்த அறிவு தேவையில்லை. கருவிகளைக் கையாளக் கூடாது. இயல்பு: அமைதியானவர், கேள்வி கேட்காமல் பணிபுரிபவர்."

இதில் 'இரண்டாம் நிலை' என்பது மட்டும் உண்மை.

கேள்வி கேட்காதவர் என்று பதிவான அந்தப் பெண்மணிக்கு அலுவலகம் வைத்த பெயர் ஏனக்கா. வாசல் காவலாளி முதல் மேலாளர் வரை எல்லாருக்கும் அவர் ஏனக்காதான். "மணி ஆச்சு, கெளம்பலாம்" என்று யாராவது சொன்னால்கூட "ஏன், கடிகாரம் சரியா ஓடுதா?" என்பார். அதில் குத்தல் எதுவும் இருக்காது. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை. இந்த ஆசை ஒருவரிடம் முப்பது வயதுக்கு மேலும் மிச்சமிருந்தால் ஊர் அதை ஒரு வியாதியாகத்தான் பார்க்கும். ஏனக்காவுக்கு நாற்பத்தாறு.

அவர் வேலை பார்த்தது ஓர் அளவுச் சோதனைக்கூடத்தில். ஆலைகளும் ஆய்வகங்களும் தங்களிடம் உள்ள அளவுக் கருவிகளை அங்கே அனுப்பும். அவை சொல்வது மெய்தானா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுப்பார்கள். மொத்த இடமே ஒரு நீளமான கூடம். நடுவில் இடுப்பளவு மரத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப்புறம் குளிர்சாதனம், வெள்ளை மேசை, மேசைமேல் மீட்டர். இந்தப்புறம் மேற்குப் பார்த்த ஜன்னல், கோப்பு அலமாரிகள், ஒரு கணினி, ஏனக்கா. குளிர்சாதனம் மீட்டருக்காக வாங்கியது. மீட்டர் இருக்கும் இடத்தில் வெப்பம் இருபத்து மூன்று டிகிரியைத் தாண்டக் கூடாது என்று விதி உண்டு. தட்டச்சர் இருக்கும் இடத்துக்கு அப்படி ஒரு விதியும் இல்லை. குளிர் பாதிக் கூடத்தோடு நின்றுவிடும். நடுவில் தடுத்தது இடுப்பளவுப் பலகையா, விதியா என்று சொல்வது கடினம்.

மீட்டரின் முழுப்பெயர் சான்றிதழில் 'மேசை வகை எண்முறைப் பன்னளவி' என்று வரும். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னவர் எவரும் இல்லை. ஏனக்கா மட்டும் அதை ஆண்டுக்கு எண்ணூறு முறை தட்டச்சு செய்தார். மின்சாரத்தை அளப்பது; இரண்டு செருப்புப் பெட்டிகளை ஒட்டி வைத்த அளவு. முன்பக்கம் பச்சையாக ஒளிரும் எண்கள். வலது ஓரத்தில் ஐந்து துளைகள்: இரண்டு இரண்டாக நான்கு, கீழே தனியாக ஒன்று. தூக்குவதற்கென்று ஒரு கைப்பிடி. ஆனால் அதைப் பிடித்து யாரும் தூக்கியதில்லை. அடியில் மடித்துக் காலாக வைத்திருந்தார்கள். அதனால் மீட்டர் எப்போதும் சற்று அண்ணாந்தபடி, யாரோ பாராட்டப் போவதை எதிர்பார்த்து நிற்பதுபோல இருக்கும். அணைத்தால் மறுபடி நிதானத்துக்கு வர ஒரு மணி நேரம் ஆகும் என்பதால் அதை அணைப்பதே இல்லை. எங்கோ உள்ளே அவ்வப்போது டிக், டிக் என்று ஏதோ இடம் மாறும். பின்பக்கமும் இதேபோலத் துளைகள் உண்டு. முன்னா பின்னா என்று தேர்ந்தெடுக்க முகப்பில் ஒரு சின்னப் பொத்தான். ஒருமுறை அது தெரியாமல் அழுந்திப்போய், முன்பக்கம் ஒயரை மாட்டிவிட்டு அரை நாள் முழுக்க பின்பக்கத்து வெறுங்காற்றை அளந்துகொண்டிருந்தார் டெக்னீஷியன்.

டெக்னீஷியன், ஏனக்காவின் தங்கை கணவர். அலுவலகத்தில் அவரை 'சார்' என்றும் வீட்டில் 'மாப்ளே' என்றும் கூப்பிடுவது ஏனக்காவின் ஏற்பாடு. கோபம் வந்தால் இரண்டும் இடம் மாறிவிடும்.

அந்த மீட்டரைப் பற்றி ஏனக்கா கேட்ட முதல் கேள்வி, சான்றிதழில் வந்த 'ஆறரை இலக்கம்' என்ற சொல்லால் எழுந்தது.

"சார், ஒரு இலக்கம் எப்படி அரையா இருக்கும்? இருந்தா இருக்கும், இல்லேன்னா இல்ல."

"முதல் இடத்துல இருக்கே, அது ஒண்ணு காட்டும், இல்லேன்னா காலியா நிக்கும். ரெண்டு, மூணு எல்லாம் அதுக்கு வராது. அதனால அரைன்னு சொல்றது."

"அப்படிப் பார்த்தா இந்த ஆபீஸ்ல நாலு பேர் அரைதான். பதிவேட்டுல முழு ஆளாத்தானே எழுதியிருக்கு?"

"அக்கா, மெதுவா. மேலாளர் உள்ள இருக்கார்."

"அவரைச் சேர்த்துத்தான் நாலு."

இன்னொரு நாள், ஒயர்களை எதிலும் மாட்டாமல் மேசைமேல் போட்டிருந்தபோதும் எண்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, எதையும் தொடாமல் இது எதை அளக்கிறது என்று கேட்டார். சுற்றிலும் இருக்கும் மின்சாரத்தின் வாடை அதில் பட்டுக்கொண்டே இருக்கும், எதுவும் இல்லாவிட்டால் எதையாவது சொல்லும் என்றார் டெக்னீஷியன். ஏனக்கா நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மௌனமாக இருக்கத் தெரியாத ஒரு பிராணி தன்னைத் தவிர இன்னொன்றும் இந்தக் கூடத்தில் இருக்கிறது என்பது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கலாம்.

கருவிகளைக் கையாளக் கூடாது என்பதை அவர் மதித்தார். ஆனால் தூசி தட்டுவது கையாளுதலில் சேராது என்பது அவருடைய விளக்கம். ஒரு காலை, மீட்டரின் வாயில் மாட்டியிருந்த கவ்விகளைத் துணியால் துடைத்தார். பச்சை எண்கள் மளமளவென்று ஏறின.

"ஐயோ அக்கா, தொடாதீங்க!"

"தொடல சார். துடைச்சேன்."

"ரெண்டும் ஒண்ணுதான் அதுக்கு. உங்க விரல் சூடு போதும். ரெண்டு வேற வேற உலோகம் சேர்ற இடம் அது. ஒரு பக்கம் மட்டும் சூடேறினா அங்கேயே துளி மின்சாரம் உண்டாயிடும். அதையும் சேர்த்துக் காட்டும் இது."

"என் விரலாலயா?"

"உங்க விரலாலதான்."

"எவ்வளவு இருக்கும்?"

"மூணு, நாலு மைக்ரோவோல்ட். ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாப் பிரிச்சு அதுல நாலு."

ஏனக்கா தன் ஆள்காட்டி விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வீட்டுல யாரும் இந்த அளவுக்குக்கூட என்னைக் கண்டுக்கிறதில்லை" என்றார்.

அந்த மீட்டரைக் கணினியோடு இணைக்கப் பின்பக்கத்தில் ஒரு துளை இருந்தது. அதற்கான ஒயர் கேட்டு எழுதிய கடிதம் பதினோரு ஆண்டுகளாக மேலிடத்தில் பரிசீலனையில் இருந்தது. ஆகையால் மீட்டர் காட்டுவதை ஒருவர் கையால் தாளில் எழுத, அதை இன்னொருவர் கணினியில் ஏற்றினார். அதிகமாக வந்த வேலை மில்லிவோல்ட் பெட்டிகள். உலை வைத்திருக்கும் ஆலைகள் தங்கள் வெப்பமானியைச் சரிபார்க்க வைத்திருக்கும் சின்னப் பெட்டி அது. பத்து மில்லிவோல்ட் கேட்டால் பத்து கொடுக்கும். கொடுப்பது பத்துதானா என்று மீட்டரில் மாட்டிப் பார்க்க வேண்டும். ஐந்து நொடிக்கு ஒருமுறை பார்த்து, பன்னிரண்டு எண்கள் எழுத வேண்டும். சராசரி சான்றிதழில் போகும். பன்னிரண்டும் இணைப்புத் தாளில் போகும். இணைப்புத் தாளைப் படிப்பவர் எவரும் இல்லை. தட்டச்சு செய்பவர் ஒருவர் உண்டு.

இனி மின்விசிறி.

மேற்கு ஜன்னலோரம் வேகிறது என்று ஏனக்கா விண்ணப்பம் கொடுத்தார். முதல் விண்ணப்பம் தொலைந்தது. இரண்டாவதற்கு, 'வெப்பத்தை அளந்து தெரிவிக்கவும்' என்று பதில் வந்தது. ஓர் அளவுச் சோதனைக்கூடத்தில் அதை அளக்க ஒரு வெப்பமானியும் உபரியாக இல்லை. மூன்றாவதற்கு, கோடை பாதி போன பிறகு, மேசை மின்விசிறி ஒன்று வந்தது. அனுமதிக் கடிதத்தை ஏனக்காவே தட்டச்சு செய்து மேலாளரிடம் கையெழுத்து வாங்கினார்: 'பொது உபயோகத்துக்காக மின்விசிறி ஒன்று.'

இந்தப் 'பொது' என்ற சொல்லை மேலாளர் மிகவும் மதித்தார்.

"இது உங்களுக்குன்னு வந்தது இல்ல. எல்லாருக்கும். தலையை ஆட்டுற பட்டனை அழுத்தியே வெக்கணும்."

"சார், அந்தப்புறம் ஏசி இருக்கு. அங்க காத்து எதுக்கு?"

"பொதுன்னா பொதுதான்."

மின்விசிறியைத் தடுப்பின்மேல் வைத்தார்கள். அது இந்தக் கோடியில் ஏனக்காவின் முகம் வரைக்கும் வரும். பிறகு மெல்லத் திரும்பி, யாருமில்லாத நடுவழியைக் கடந்து, அந்தக் கோடியில் மீட்டர் மேசைவரை போகும். அங்கே கொஞ்சம் நின்று, ஏதோ மறந்ததை நினைத்துக்கொண்டதுபோலத் திரும்பும். தன் பக்கம் திரும்பும்போது அந்தப்புறத்துக் குளிரை இழுத்துக்கொண்டு வருவதால் ஏனக்காவுக்கு அது சொர்க்கம். சொர்க்கம் தவணை முறையில்தான் வரும் என்பதில் அவருக்குப் புகார் இல்லை.

மின்விசிறி வந்து சில நாள் கழித்து ஏனக்கா ஒரு கேள்வி கேட்டார். அவர் விரல்கள்தான் அதை முதலில் கண்டன. 10.0003, 10.0002, 10.0003 என்று விரல் பழகிய விசைகளிலேயே ஓடிக்கொண்டிருக்கும். அடுத்தது 10.0041. விரல் எழுந்து இடம் மாற வேண்டும். மறுபடி மூன்று வரி சமதரை. மறுபடி ஒரு மேடு. நன்றாகப் போட்ட சாலையில் சம தூரத்தில் ஒரே அளவாக வேகத்தடை வைத்ததுபோல.

"சார், இந்த நாலாவது எண் மட்டும் ஏன் எகிறுது?"

"மீட்டர்னா கொஞ்சம் ஆடும்க்கா."

"ஆடுறது சரி. தாளம் போட்டு ஆடுமா?"

"வேலையைப் பாருங்க. சராசரி எடுத்தா எல்லாம் எல்லைக்குள்ளதான் இருக்கு."

அது உண்மைதான். எல்லாப் பெட்டிகளும் தேறின. டெக்னீஷியன் ஐந்து நொடிக்கு ஒருமுறை மீட்டரைப் பார்த்தார், எழுதினார், மறந்தார். தான் எழுதியதைத் திரும்பப் படிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. ஏனக்காவின் வாழ்க்கையில் அலட்சியமாகத் தள்ளப்பட்ட கேள்விகள் ஆயிரம் இருக்கும். இதுவும் அதில் போய்ச் சேர்ந்தது.

இரண்டு மாதம் கழித்துத் தணிக்கையாளர் வந்தார். சோதனைக்கூடம் சான்றிதழ் கொடுக்கத் தகுதியுடையதா என்று ஆண்டுக்கொருமுறை வந்து பார்ப்பவர். ஒல்லியான, வேர்க்காத மனிதர். உட்கார்ந்ததும் நான்கு பென்சில்களை எடுத்து உயர வரிசைப்படி அடுக்கினார். அடுக்கி முடிப்பதற்குள் மின்விசிறி அவர் பக்கம் வந்து, அவர் பரப்பிய தாள்களில் பாதியைத் தரையில் இறக்கியது. மேலாளர் பாய்ந்து மின்விசிறியை அணைத்தார். வந்திருப்பவர் புறப்படும்வரை அதை யாரும் தொடக் கூடாது என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். ஏனக்கா ஜன்னலோரம் வேகத் தொடங்கினார்.

பிற்பகலில் தணிக்கையாளர் டெக்னீஷியனைக் கூப்பிட்டார். எதிரே நாற்பத்தொரு அளவீட்டுத் தாள்கள். எல்லாவற்றிலும் நாலாவது, எட்டாவது, பன்னிரண்டாவது எண்களைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார்.

"இதெல்லாம் யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"மீட்டரைப் பார்த்து எழுதினீங்களா?"

"பின்ன எதைப் பார்த்து எழுதுவேன் சார்?"

"இயற்கை இவ்வளவு ஒழுங்கா இருக்காது. ஒரு ஆள் உட்கார்ந்து எண்ணைக் கற்பனை பண்ணினாத்தான் இப்படி வரும். மூணு ஒரே மாதிரி எழுதுவான். சந்தேகம் வரும்னு பயந்து நாலாவதை மாத்துவான்."

டெக்னீஷியன் அலமாரியிலிருந்து ஒரு மில்லிவோல்ட் பெட்டியை எடுத்தார். இப்போதே அளந்து காட்டுகிறேன் என்றார். பெட்டியை மாட்டினார். ஏனக்கா உட்பட எல்லாரும் தடுப்பருகே நின்று பார்த்தார்கள். மீட்டர் அன்றைக்குப் போல என்றைக்கும் அடக்கமாக நடந்துகொண்டதில்லை. பன்னிரண்டு எண்கள். கடைசி இலக்கம் ஒன்று முன்னே, ஒன்று பின்னே. அவ்வளவுதான். மேடு இல்லை, தாளம் இல்லை. இன்னொரு பன்னிரண்டு. அதுவும் சமதரை.

தணிக்கையாளர் கண்ணாடியைக் கழற்றினார். "நாளைக்கு மூணு மணிக்கு அறிக்கை எழுதி முடிக்கணும். அதுக்குள்ள ஒரு காரணம் காட்டுங்க. இல்லேன்னா 'எண்கள் புனையப்பட்டவை'ன்னு எழுதுவேன். அப்புறம் நீங்க எந்தச் சோதனைக்கூடத்துலயும் கையெழுத்துப் போட முடியாது."

மேலாளர் அவசரமாகத் தலையாட்டினார். சோதனைக்கூடத்தின் பெயரா, ஓர் ஆளின் பெயரா என்று வந்தால் எதை விடுவது என்பதில் அவருக்குக் குழப்பமே வந்ததில்லை.

அன்று மாலை அலுவலகம் விட்டதும் ஏனக்கா தங்கை வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை சட்டையைக்கூட மாற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தங்கைதான் பேசினாள்.

"இவர் எண்ணைக் கற்பனை பண்ணினாராம்க்கா! இவருக்கு ஏது கற்பனை? கல்யாணமாகிப் பதினாறு வருஷத்துல என் பிறந்தநாளுக்கு வாங்கினது எல்லாமே டார்ச் லைட்."

"ஏய், நீ வேற" என்றார் மாப்பிள்ளை.

"மாப்ளே, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார் ஏனக்கா.

"வேண்டாம்க்கா."

"அந்த நாலாவது எண் எப்போலேர்ந்து எகிறுது?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் எதையும் மாத்தல. அதே மீட்டர், அதே ஒயர், அதே மேசை. எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு, நானே எழுதிட்டேனோன்னு."

"நீங்க எழுதலேன்னு நான் சொல்றேன்."

"நீங்க சொன்னா யார் நம்புவாங்க? என் பொண்டாட்டியோட அக்கா நீங்க."

தங்கை தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அது ஆறிப்போனது. ஏனக்கா பத்து நிமிடம் தொடர்ந்து பேசாமல் இருந்ததைத் தங்கை அன்றுதான் பார்த்தாள். பயந்துவிட்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தணிக்கையாளரும் மேலாளரும் தேநீருக்கு வெளியே போனார்கள். டெக்னீஷியன் குளிர்ப்பக்கத்தில் சுவரைப் பார்த்தபடி வெறுமனே உட்கார்ந்திருந்தார். ஏனக்காவின் கழுத்தில் வேர்வை கோடு கோடாக இறங்கியது. ஐந்து நிமிடம் மட்டும் என்று மனசாட்சியோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, போய் மின்விசிறியைப் போட்டார்.

காற்று வந்தது. முன்னால் இருந்த அளவீட்டுத் தாளின் ஓரம் எழும்பியது. முழங்கையால் அழுத்தினார். காற்று போனது. கையை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது. மறுபடி அழுத்தினார். இப்படி இரண்டு மாதமாக அழுத்திக்கொண்டுதான் இருந்தார். இது எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வருகிறது என்று தோன்றியதும், வழக்கம்போல அதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இருபது நொடி. மறுபடி பார்த்தார். இருபது. மூன்றாம் முறையும் இருபது.

முழங்கைக்குக் கீழே இருந்த தாளின் தலைப்பில் எழுதியிருந்தது: இடைவெளி ஐந்து நொடி.

நாலைந்து இருபது என்பதற்கு எண்களின் பொருள் குறித்த அறிவு தேவையில்லை. அவர் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார். அது அப்போது தன் முதுகை அவருக்குக் காட்டி, அந்தக் கோடியில் மீட்டரின் முகத்துக்கு நேரே நின்றுகொண்டிருந்தது. முதுகுப்பக்கம் ஜன்னலோரத்து வெக்கையை உறிஞ்சி, முன்பக்கமாக மீட்டரின் வாயில் ஊதிக்கொண்டிருந்தது. தன் விரல் செய்ததைத்தான் அது செய்கிறது என்பது ஏனக்காவுக்குச் சட்டென்று பிடிபட்டது. தாள் பறக்காமல் இருக்க, காற்று தாண்டிப் போன பிறகுதான் டெக்னீஷியன் முதல் எண்ணை எழுதத் தொடங்குவார்; அதனால்தான் எகிறுவது எப்போதும் நாலாவது.

எழுந்து கோப்பு அலமாரிக்குப் போனார். எகிறும் எண் முதன்முதலில் வந்த தாளின் தேதியைப் பார்த்தார். மின்விசிறி அனுமதிக் கடிதத்தின் தேதியைப் பார்த்தார். மூன்று நாள் வித்தியாசம். மின்விசிறியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்ட மூன்று நாள் ஆனது அவருக்கு நினைவிருந்தது. அந்த மூன்று நாளும் ஏன் இன்னும் பூட்டவில்லை என்று கேட்டவர் அவர்தானே.

அதன்பிறகு அவர் செய்தது சற்று விசித்திரமானது. யாரையும் கூப்பிடவில்லை. தன் நாற்காலிக்குத் திரும்பி, இன்னும் மூன்று முறை காற்று வந்து போகும்வரை கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். மூன்று விண்ணப்பம் போட்டு வாங்கியது. உண்மையைச் சொன்னால் மாலைக்குள் அது கிடங்குக்குப் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். நாலாவது முறை காற்று வருவதற்குள் எழுந்து அணைத்துவிட்டார்.

"சார்" என்று தொடங்கி, "மாப்ளே, சுவத்தைப் பார்த்தது போதும். பெட்டியை எடுத்து மாட்டுங்க" என்றார்.

மதியம் இரண்டரை மணிக்கு எல்லாரும் மீட்டர் மேசையைச் சுற்றி நின்றார்கள். தணிக்கையாளர் பென்சிலோடு மீட்டரின் முன் உட்கார்ந்தார். எண்களைத் தானே எழுதுவதாகச் சொல்லிவிட்டார். ஏனக்கா தடுப்பருகே நின்றார்.

"கருவியைத் தொடக் கூடாதுன்னு என் பதிவேட்டுல இருக்கு சார். தொடமாட்டேன். இந்த ஃபேன் பொது உபயோகத்துக்கு வந்தது. அதைத் தொடலாம் இல்லையா?"

கேள்வி மேலாளரிடம். அவர் தலையசைக்க வேண்டியதாயிற்று. அது அவரே கொடுத்த தீர்ப்பு.

ஏனக்கா மின்விசிறியைப் போட்டார். தணிக்கையாளரின் தாள்கள் பறக்காமல் மேலாளரே இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. 10.0003. 10.0002. 10.0004. காற்று மீட்டரை அடைந்தது. 10.0038. தணிக்கையாளரின் பென்சில் ஒரு கணம் நின்றது. பிறகு எழுதினார். 10.0003. 10.0003. 10.0002. 10.0041.

"மோட்டார் ஓடுதில்ல" என்றார் தணிக்கையாளர். "அதோட மின்சாரமே ஒயர்ல பட்டு இப்படிக் காட்டலாம். காத்துதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"நல்ல கேள்வி சார்" என்றார் ஏனக்கா, மனதார. அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அதனால் அது எவ்வளவு இனிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மின்விசிறி தன் பக்கம் திரும்பியபோது தலையாட்டும் பொத்தானைத் தூக்கிவிட்டார். மோட்டார் ஓடியது. காற்று அவர் முகத்திலேயே நின்றது, இரண்டு மாதத்தில் முதன்முறையாக. பன்னிரண்டு எண்களும் சமதரையாக வந்தன. அவர் அந்த ஒரு நிமிடத்தை முழுதாக அனுபவித்தார் என்றே சொல்ல வேண்டும்.

"சார், பொத்தானை அழுத்தாம வெச்சிருந்தா இந்தத் தப்பே வந்திருக்காது இல்ல?" என்று டெக்னீஷியன் மேலாளரைப் பார்த்துக் கேட்டார். ஒருவர் தன்னலமாக இருந்திருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும் என்பது, பொதுநலத்தில் நம்பிக்கையுள்ள மேலாளருக்கு ஜீரணிக்கக் கடினமாக இருந்தது. அவர் தாள்களை இன்னும் அழுத்திப் பிடித்தார்.

தணிக்கையாளர் அதோடு விடவில்லை. மூட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். காகிதக் கட்டு வந்த வெற்று அட்டைப் பெட்டியை ஏனக்கா தடுப்பின்மேல் நீட்டினார். டெக்னீஷியன் அதன் ஒரு பக்கத்தை வெட்டி, கவ்விகளுக்கு மேல் கவிழ்த்தார். பொத்தானை மறுபடி அழுத்தினார்கள். மின்விசிறி வந்தது, பெட்டிமேல் ஊதியது, போனது. எண்கள் அசையவில்லை. பெட்டியை எடுத்தார்கள். எகிறியது. வைத்தார்கள். அடங்கியது. தணிக்கையாளர் இதை மேலும் இரண்டு முறை செய்யச் சொன்னார். சந்தேகம் முதல்முறையே தீர்ந்திருந்தது. மிச்சம் ஆசைக்காக.

"புனையல" என்றார் கடைசியில், டெக்னீஷியனைப் பார்த்து. "தாள்ல உள்ளது மீட்டர் காட்டினதுதான். நீங்க கையெழுத்துப் போடலாம். ஆனா அந்த நாற்பத்தொரு சான்றிதழையும் திரும்ப வாங்கி, பெட்டிகளை மறுபடி அளக்கணும்." பிறகு கேட்டார்: "யார் கண்டுபிடிச்சது?"

"நம்ம சோதனைக்கூடம்தான் சார்" என்றார் மேலாளர்.

அறிக்கைப் படிவத்தை ஏற்றும் வேலை தட்டச்சருக்கு வந்தது. 'காரணம்' என்று ஒரு கட்டம். அவர் எழுதினார்: 'மின்விசிறியின் காற்று இணைப்புக் கவ்விகளில் பட்டது.' அடுத்த கட்டம், 'காரணத்துக்குப் பொறுப்பானவர்'. மேலாளர் பின்னால் வந்து நின்று, அதைக் காலியாக விட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள் என்று மெல்லச் சொன்னார். அவருக்குத் தன் பெயர் அதில் வந்துவிடுமோ என்று கவலை. ஏனக்காவின் விரல்கள் நிற்கவில்லை: 'மேற்படி மின்விசிறி தட்டச்சரின் மூன்றாவது விண்ணப்பத்தின்பேரில் வந்தது. தலையாட்டும் பொத்தான் மேலாளரின் வாய்மொழி உத்தரவின்பேரில் அழுத்தப்பட்டிருந்தது.'

"ஏம்மா" என்றார் மேலாளர். "ஏன் இதெல்லாம்?"

"உள்ளதை உள்ளபடியே ஏத்தணும்னு பதிவேட்டுல இருக்கு சார்."

மாலை நாலரை மணிக்கு மின்விசிறி கிடங்குக்குப் போனது. அட்டைப் பெட்டி மீட்டரின் வாயிலேயே தங்கிவிட்டது; இப்போது அது சோதனை முறையின் ஒரு பகுதி, அதற்கென்று ஓர் எண்கூடக் கொடுத்திருக்கிறார்கள். கணினிக்கான ஒயர் பரிசீலனையில் இருக்கிறது. தங்கையின் வீட்டில் அடுத்து வந்த பிறந்தநாளுக்கும் டார்ச் லைட்தான் வந்தது என்று கேள்வி. பதிவேட்டின் எழுபத்திரண்டாம் பக்கத்தை யாரும் திருத்தவில்லை. அங்கே அவர் இன்றும் அமைதியானவர்.

அவர் செய்தது இது: சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மின்விசிறியின் ஒரு சுற்றுக்கு இருபது நொடி என்று எண்ணினார். அதை மூன்று பேர் முன்னால் போட்டுக் காட்டினார். பின்பு ஜன்னலோரம் உட்கார்ந்து, நாற்பத்தொரு சான்றிதழ்களையும் முதலிலிருந்து தட்டச்சு செய்தார்.